மூன்று வாரத்துச் சிப்பி

“சிப்பி நல்லாத்தானே இருக்கு, வறுத்துடு” என்று பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்துவிட்டு நீட்டினார் கணவர்.

மனைவி மூக்கைப் பொத்தினாள். “மூணு வாரத்துச் சிப்பிங்க இது!”

“கெடாம இருக்கக் கதிர்வீச்சு காட்டினது. முக்கால்வாசிக் கிருமி செத்திருக்கும். மிச்சம் ஃபிரிட்ஜ் குளிர்ல சோம்பிக் கிடக்கும்.”

“நேத்து முழுக்கக் கரண்ட் இல்ல. எல்லாம் சோம்பல் முறிச்சு எழுந்தாச்சு. வீடே நாறுது, மூக்கை அடகு வச்சுட்டீங்களா?”

போன மாதக் காய்ச்சலில் வாசனை தெரியாமல் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“நல்லவேளை, நம்ம வீட்டோட போச்சு” என்று பாக்கெட்டைக் குப்பையில் போட்டாள் மனைவி.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். குளிர்பதனக் கிடங்கில் சிப்பிகளை முகர்ந்து பார்த்துக் கடைகளுக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. அது போய்விடுமென்றுதான் மறைத்தார். இன்று காலையிலும் நாற்பது பெட்டிகளை முகர்ந்து, நல்லதென்று கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்.