முப்பத்தோராவது என்வலப்

"படிவம் முடிஞ்சுது, அன்ரி" என்று சுஜீவா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மேசையில் கட்டாகக் கிடந்த படிவங்கள் அவள் கண்ணில் பட்டன.

திலகம் அன்ரியும் அதைப் பார்த்தார். பிறகு கதிரையில் போய் உட்கார்ந்தார்.

சிட்னியில், டூங்கபியில் இருக்கிற அந்தச் சின்னக் கிளினிக்கில் சுஜீவாவுக்கு ரிசெப்ஷனில் வேலை. டொக்டர் இந்திரகுமாரின் தொழில் மதிப்பீட்டுக்கு நோயாளிகள் முப்பது பேரின் கருத்து தேவைப்பட்டது. படிவத்தைக் கொடுத்து, நிரப்பியதை என்வலப்பில் ஒட்டி வாங்கி, மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. வருகிறவர்களுக்கு வரிசைப்படி கொடுக்க வேண்டும், ஆள் பார்த்துக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் திலகம் அன்ரிக்கு எப்படிக் கொடுப்பது?

அன்ரியின் கணவர் அரியரத்தினம் மாரடைப்பில் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. டொக்டர் நேரத்துக்குப் பார்க்காமல் விட்டதால்தான் மனுசன் செத்தது என்று தமிழ்ச் சனம் முழுக்கக் கதை. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. டொக்டர் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. செத்தவீட்டுக்குப் போய், "பிழை என்னிலதான்" என்று அவரே அன்ரியிடம் சொன்னாராம்.

அதற்குப் பிறகும் அன்ரி பிறஷர் குளிசைக்கு இங்கேயே வருவது ஏன் என்று சுஜீவாவுக்கு விளங்கவில்லை. மனதில் வைத்திருந்ததை இன்றைக்குக் கொட்டத்தான் படிவம் கேட்கிறார் என்று நினைத்தாள்.

அப்போது டொக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"சுஜீவா, அன்ரிக்கும் ஒண்டு குடுங்கோ."

அவள் தயங்கினாள். டொக்டருக்கு ஆள் யாரென்று தெரியவில்லையோ என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

"அவவும் என்ர பேஷன்ட்தானே" என்றார் அவர். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அன்ரி அரைமணி நேரம் எழுதினார். தமிழில் எழுதலாமா என்று கேட்டார். இடம் போதவில்லை என்று இன்னொரு தாள் வாங்கினார். நடுவில் ஒருதரம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒட்டிய என்வலப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும்போது சுஜீவாவின் கையை மெல்லத் தொட்டார்.

"வாறன், பிள்ளை."

கோபமாக இருக்கிற ஆள் இப்படியா விடைபெறும்? அவளுக்கு இன்னும் குழம்பியது.

பின்னேரம் டொக்டர் போனதும் பெட்டியைத் திறந்து எண்ணினாள். முப்பத்தொன்று. ஒன்று கூடுதல். எல்லாவற்றிலும் தடிப்பாக இருந்தது அன்ரியுடையது.

முப்பது போதும். ஒன்றை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சிட்னிக்கு வந்து ஒரு வருசம் வேலைக்கு அலைந்தவளை, இந்த நாட்டில் முன்பு வேலை செய்த அனுபவம் உண்டா என்றுகூடக் கேட்காமல் எடுத்தவர் இந்த டொக்டர். அவருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

என்வலப்பை எடுத்துக்கொண்டு கிளினிக்கின் குசினிக்குள் போனாள். கிழித்துக் குப்பையில் போடுவதுதான் எண்ணம். அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை. பிரித்தாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து.

அன்ரி தலைகீழாக விளங்கிக்கொண்டு போட்டுவிட்டாரோ? கேள்விகளைத் திரும்ப வாசித்தாள். இல்லை, சரியாகத்தான் போட்டிருந்தார். கடைசிக் கேள்வி, இந்த மருத்துவர் எதைத் திருத்திக்கொள்ளலாம் என்பது. அதற்குத்தான் இரண்டாவது தாள்.

"மற்றவர்களின் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்வதை இவர் நிறுத்த வேண்டும். என் கணவர் நெஞ்சு நோகிறது என்று திங்கட்கிழமை இரண்டு தரம் கிளினிக்குக்குப் போன் பண்ணினார். புதன்கிழமைதான் இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை விடிய அவர் போய்விட்டார். அவர் போன் பண்ணியது டொக்டருக்கே பிறகுதான் தெரியவந்தது. அவராகவே வந்து எனக்குச் சொன்னார். போன் எடுத்தது யார் என்று கேட்டேன். எதைக் கேட்க வேண்டும் என்று பழக்காமல் விட்டது தன் பிழை என்றார். பெயரைச் சொல்லவே இல்லை. தெரிந்தால் அந்த ஆள் காலம் முழுக்கச் சுமக்கும் என்றார். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சனம் அவரைத்தான் ஏசுகிறது. தயவுசெய்து நீங்களாவது அவரைப் பிழையாக நினைக்க வேண்டாம்."

சுஜீவா திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்தத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தாள். காய்ச்சல் காலம், வாசல் வரை சனம், விடாமல் அடித்த போன். அரியரத்தினம் அங்கிளின் குரல் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வேறொன்று வந்தது. அதே வாரம்தான் டொக்டர் வேலை முடிந்த பிறகு மூன்று நாள் அவளை இருத்திவைத்து, யாராவது நெஞ்சு நோ என்றால் என்ன கேட்க வேண்டும், எப்போது தன்னை உடனே கூப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஏதோ புதுச் சட்டம் வந்திருக்கிறதாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

புது என்வலப் ஒன்றை எடுத்தாள். தாள்களை மடித்து உள்ளே வைத்து ஒட்டினாள். அதை மற்ற முப்பதோடும் சேர்த்து வைத்தாள்.

அந்தக் கிளினிக்கில் போன் எடுக்கிறது அவள் ஒருத்திதான்.