அலமாரிப் பூட்டு

“மூணு மாசத்துல நாலு கிலோ ஏறிடுச்சு டாக்டர். சத்தியமா ஒரு வாய் கூட அதிகமா சாப்பிடல.”

சொல்லிவிட்டு டைலரக்கா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். புருஷன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன், எங்கே போனாலும் அதைத்தான் பார்ப்பார்.

உடல் எடை குறைய அவள் குடல் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. மெலிய மெலியத் தன் சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தவள், போன மாதம் முதல் தடவையாகத் தையலைப் பிரித்துத் தளர்த்தினாள். உட்கார்ந்து அழுதாள். மறுநாளே தின்பண்ட அலமாரிக்குப் பூட்டு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால், “இருக்கட்டுமே” என்றார்.

கட்டினவளைத் திருடி என்று நினைக்கிற மனுஷன்! அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறோமோ என்றுகூட ஒரு பயம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடினார்.

“சிறுகுடல்ல கொஞ்சத்தை ஒதுக்கிட்டு மீதியை இரைப்பையோட இணைச்சோம் இல்லையா? அந்த மீதி சும்மா இருக்காதும்மா. தடிச்சு, உள்சுவர் வளர்ந்து, அதே சாப்பாட்டுல முன்னைவிட அதிகமா உறிஞ்சக் கத்துக்கும். இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். எடை ஏறினாலே திருட்டுத் தீனின்னு அர்த்தமில்ல.”

அவ்வளவுதான். வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“காதுல விழுந்துச்சா? இன்னிக்கே பூட்டைக் கழட்டுங்க. இல்லேன்னா இப்படியே எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“அது உனக்குப் போட்ட பூட்டில்ல. எனக்கு.”

“என்னது?”

“நீ தையலைப் பிரிச்சு அழுதியே, அப்ப நான் அடுக்களையில நின்னு பிஸ்கட் தின்னுட்டிருந்தேன். வாய் நிறைய. ஓடி வந்து என்னன்னு கூடக் கேக்க முடியல. ரெண்டு வருஷமா நீ வாயைக் கட்டிட்டு இருக்கே, எனக்கு நாக்கு அடங்கல. வெக்கமாப் போச்சு.”

“கதை விடாதீங்க. உங்களுக்குன்னா சாவி எங்கே?”

அவர் அவள் தோளில் தொங்கிய கைப்பையைக் காட்டினார். பழைய ரசீதுகளைத் திணித்து வைக்கும் உள்ஜிப்பைத் திறந்தாள். அடியில் குட்டிச் சாவி.

“பூட்டின அன்னிக்கே போட்டுட்டேன். நானே கேட்டாலும் குடுக்காதேன்னு சொல்லத்தான் வாய் வரல.”