டப்பா பிரியாணி

"இன்னாடி இது?"

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வீடு திரும்பிய தானியேல், குப்பைக்கூடையில் கிடந்த அட்டை டப்பாவைத் தூக்கிக்காட்டிக் கத்தினான்.

"பிரியாணி. பெரிய சூப்பர் மார்க்கெட்ல கம்மி வெலைக்குப் போட்டிருந்தான்" என்றாள் அவன் மனைவி ஷர்மிளா.

"ஆம்பூர்ல குடியிருந்துக்கினு டப்பா பிரியாணியா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க!"

"பொறந்தநாளும் அதுவுமா உன் பொண்ணு ஆசையா கேட்டா."

டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றையும் கறித்துண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்தான். அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இது சீரகச் சம்பாவே இல்ல. கறியப் பாரு, இத வெச்சு ஷூ தைக்கலாம்! ஏசி கடைன்னா எத வித்தாலும் வாங்கிடுவியா? பஸ் ஸ்டாண்டாண்ட ஊரே லைன்ல நின்னு வாங்குதே, அங்க போறதுக்கு இன்னா கேடு?"

ஷர்மிளா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அங்கதான்யா மொதல்ல போனோம். வெயில்ல நின்னு நின்னு, எங்க முறை வந்தப்ப ஜாஸ்மின் 'அப்பா'ன்னு கூப்பிட்டா. பிரியாணி மாஸ்டரு நீ, நிமிர்ந்துகூடப் பாக்கல. கரண்டியால அண்டாவத் தட்டி, 'காலி, காலி, எல்லாம் போங்க'ன்னு வெரட்டுன."

தானியேல் டப்பாவை மறுபடி குப்பைக்கூடையில் போட்டான்.

"டப்பா பிரியாணி நல்லா இல்லதான். ஆனா அந்தக் கடையில எங்கள யாரும் வெரட்டல."