தழும்பு இருந்த பக்கம்

பெற்ற பிள்ளையின் கைரேகையை எட்மண்ட் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஜாய்சனின் சென்ட் பாட்டிலில் கறுப்புப் பொடியைத் தூவி பிரஷ்ஷால் தடவியதும், வலது கட்டைவிரல் ரேகை பளிச்சென்று எழுந்து வந்தது.

"என்னங்க பண்றீங்க? நம்ம புள்ள எதையாச்சும் திருடிட்டானா?" அறை வாசலில் நின்றபடி மனைவி ஞானஜோதி கேட்டாள்.

"சும்மா இரு ஜோதி."

எந்த வாயால் சொல்வார்? அரியர் வைத்த மகனை, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று கத்தியது இவர்தானே. போனவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வரவில்லை, போனும் ஸ்விட்ச் ஆஃப். இன்று காலை பீர்க்கன்கரணை ஏரியில் ஒரு வாலிபனின் உடல் மிதந்திருக்கிறது. முகம் அடையாளம் தெரியவில்லையாம்.

போன் அடித்தது. போலீஸ் கைரேகைப் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சினேகா. வீட்டு விஷயத்தை ஆபீசில் அவர் மூச்சு விடவில்லை.

"லீவுல தொந்தரவு பண்றேன் சார். ஏரியில கெடச்ச பாடி. தண்ணியில ஊறி விரல்ல மையே ஒட்டல. அதான் வலது கட்டைவிரலை நேரா போட்டோ எடுத்து, பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தி அனுப்பியிருக்கேன். எந்த வகைன்னு பாத்துச் சொல்லுங்க."

"ம்... ம்..." அவர் காது அங்கே இல்லை. படத்தைத் திறந்துவிட்டார்.

வளையம், சுழி, வில் என்று ரேகையில் மூன்று வகை. ஜாய்சனுக்கு வளையம். இதுவும் வளையம். ஓரத்தில் ஒரு தழும்பு வேறு. ஐயோ, சைக்கிள் செயின் கடித்த தழும்பு ஜாய்சனுக்கும் இருக்கிறதே!

"ஆண்டவரே, என் புள்ளையா இருக்கக் கூடாது."

பாட்டிலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜாய்சனின் வளையம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, தழும்பும் வலப்பக்கம். படத்தில் இரண்டுமே இடப்பக்கம். அப்பாடா! சாய்வு மாறினால் ஆளே வேறு, மேற்கொண்டு கோடுகளை எண்ணும் வேலையே இல்லை. தழும்பு யார் விரலில்தான் இல்லை?

"ஜோதி! ஏரியில கெடச்சது நம்ம ஜாய்சன் இல்ல!"

"ஏரியிலயா?" அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். விஷயம் புரிந்ததும் அழுகையோடு சிரித்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

"வரட்டும் அவன். ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எட்மண்ட் சினேகாவைக் கூப்பிட்டார்.

"வளையம்தாம்மா. இடப்பக்கம் சாஞ்சது. எழுதிக்கோ."

"படத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"அதை எதுக்குத் திருப்பணும்?"

"ஒத்தி எடுத்த ரேகை இல்லியே சார், விரலோட போட்டோவாச்சே. ரப்பர் ஸ்டாம்பும் அது குத்தின சீலும் மாதிரி, இடம் வலமா மாறித்தானே இருக்கும்?"

எட்மண்ட் பாட்டிலில் வலப்பக்கம் இருந்த தழும்பைப் பார்த்தார்.

"அப்ப வலப்பக்கம்னு எழுதிக்கட்டுமா சார்?"