ஐந்தாவது ஆட்டம்

பனியன் கம்பெனியில் நின்றபடியே துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்கு ஸ்டூல் கேட்டு, கயல்விழி தனியாகவே முதலாளி வெங்கடபதியின் அறைக்குள் நுழைந்தாள்.

"உக்காந்தா தூங்கிப்போடுவீங்க."

"கால் கடுத்துப்போனாத்தானுங்க ஓட்டைத் துணி கண்ணுல படாமப் போகுது."

"எடமில்ல."

"மேசைக்கடியில தள்ளிக்கலாமுங்க. அளந்துட்டேன்."

அவர் மறுபடி வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"உங்கப்பாரு காலத்துல யாரு உக்காந்தாங்கன்னு கேப்பீங்க. அப்ப ஷிப்ட் எட்டு மணி நேரமுங்க. இப்ப பன்னெண்டு."

வெங்கடபதிக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கிழமையானா பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷத்துல பேசி விளையாடறீங்களாமே! அதுல எங்களைவிட மூளை வளந்துபோச்சுன்னு நெனப்பா?"

"மூளை எல்லாருக்கும் ஒரே அளவுதானுங்க. ஆனா இந்தப் பேச்சு உங்களுக்கு மொத ஆட்டம், எனக்கு அஞ்சாவது. நாலு ஞாயிறு விளையாடி, நாலுலயும் முதலாளி வேஷக்காரங்ககிட்டத் தோத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"இந்தக் கூத்தை ஊட்டுல சொல்லோணும்." மனைவி பங்காரம்மாவுக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நீங்க ஸ்டூலுக்குச் சரிங்கற வரைக்கும் அம்மா போனை எடுக்க மாட்டாங்களுங்க," என்றாள் கயல்விழி. "நாலு ஞாயிறும் எங்ககூட முதலாளி வேஷம் போட்டது அவங்கதானுங்க."