குழாய் ஸ்பீக்கர் பேசிய பேச்சு

கூட்டம் முடிந்து அமைச்சர் போய்விட்டார். மைக் செட்காரர் ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டி, குழாய் ஸ்பீக்கரை வீட்டு மூலையில் கொண்டுவந்து வைத்தார். அது பாட்டுக்கு, அமைச்சரின் குரலில், "இனி மின்வெட்டே இருக்காது!" என்று முழங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது; பேச்சு நிற்கவில்லை.

"என்னங்க, நிறுத்துங்க அதை! காய்ச்சல்காரப் பிள்ளை இப்பத்தான் கண்ணசந்தா."

"எதைடி நிறுத்துறது? ஒயரே இல்லையே!"

குழாய்க்குள் தலையணையைத் திணித்துப் பார்த்தார். அமைச்சர் தலையணைக்குள்ளிருந்து பேசினார். மகள் வியர்வையில் நனைந்து சிணுங்கினாள்.

அட்டையால் விசிறிக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுமை போனது. "வாய் கிழியுதுல்ல? எந்தத் தேதியிலருந்துன்னு கேளுங்க!"

அமைச்சரைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லைதான். ஆனால் மனைவியை மறுக்கும் துணிச்சல் அதைவிடக் குறைவு. தலையணையை உருவிவிட்டுக் குனிந்தார்.

"ஐயா, எந்தத் தேதிலருந்துங்க?"

பேச்சு சட்டென்று நின்றது. அந்த அமைதியில் மகள் தூங்கிப்போனாள்.

சற்று நேரம் கழித்துக் குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு, பிள்ளை எழுந்துவிடாதபடி மெல்லிய குரலில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா தம்பி?" என்றது ஸ்பீக்கர்.