கடைசி ஊசி

பிரிந்துபோன மனைவி, மகள் மெர்லினை ஊசி நாளில் மட்டும்தான் கஸ்பாரோடு அனுப்புவாள். பிள்ளை அழுவதைப் பார்க்க அவளால் முடியாது.

மூட்டில் தொடங்கிய காய்ச்சல் இதயத்தைத் தொட்டதிலிருந்து மெர்லினுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. அதற்காகவே கஸ்பார் கடல் நடுவே வேலை பார்க்கும் காற்றாலையிலிருந்து படகேறி வருவான். ஊசி இறங்கும்போது மெர்லின் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிறகு இருவரும் துறைமுகத்தைப் பார்த்தபடி முந்திரி மக்ரூன் தின்பார்கள்.

இன்று நர்ஸ் அவள் தோளில், தோலுக்கடியில், அரிசி அளவில் எதையோ வைத்து ஒட்டுப் போட்டார்.

"ஊசி மருந்து இதுலயிருந்தே கசியும், ஆயுசுக்கும் இது போதும். இனிமே நீங்க அலைய வேண்டாம்."

மெர்லின் குதித்தாள். வலிக்கவே இல்லையாம். அவன் கையைப் பிடிக்கவும் இல்லை.

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்" என்றான் கஸ்பார். குனிந்து மகளின் செருப்பு வாரை மாட்டினான். மாட்டிய பிறகும் எழவில்லை.

"மூட்டு எங்கயாச்சும் வலிக்காம்மா?"

"இல்லப்பா."

"நல்லா பாத்துச் சொல்லு."

மெர்லின் முட்டியைப் பார்க்கவில்லை; அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"லேசா வலிக்குப்பா. மூணு வாரம் கழிச்சு வந்து காட்டுவோமா?"